ஈ.சி.ஆரில் ஒரு நாள்: டிரைவரோடு வண்டி எடுத்துப் போகிறவர்களுக்கு

சென்னைக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லாரும் எடுத்த எடுப்பில் கேட்பது, "ஈ.சி.ஆர்.ல ஒரு நாள் சுத்திட்டு வரணும், வண்டிக்கு எவ்வளவு ஆகும்?" என்பதுதான். காசுக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பேர் இருந்தாலும் வண்டிக்குள் உட்கார்ந்தபடி கடலைப் பார்க்க முடியாது. திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு வரை இரண்டு பக்கமும் வீடு, ஓட்டல், காம்பவுண்டுச் சுவர். அதைத் தாண்டினால் சவுக்குத் தோப்பும் ரிசார்ட் கேட்டும். ஓடுகிற வண்டியிலிருந்து தண்ணீர் தெரிகிற இடங்கள் முட்டுக்காடு பாலம், கல்பாக்கம் தாண்டியதும் பாலாற்றுப் பாலம், முதலியார்குப்பம் உப்பங்கழி என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை.

ஆக, கடல் வேண்டுமென்றால் இறங்க வேண்டும். எங்கே இறங்குவது, எந்த வரிசையில் இறங்குவது என்பதை முதல் நாளே முடிவு செய்து டிரைவரிடம் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. "போய்க்கிட்டே பாத்துக்கலாம்" என்று கிளம்புகிறவர்கள்தான் மத்தியான வெயிலில் மாமல்லபுரத்தில் பார்க்கிங் தேடிக்கொண்டிருப்பார்கள்.

எந்தக் கிழமை, எவ்வளவு தூரம்

புதன், வியாழன், வெள்ளி இந்த மூன்றில் ஒன்றை எடுங்கள். வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை, பழைய வீடுகளின் காட்சியகமான தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை. சனி, ஞாயிறு எல்லாமே திறந்திருக்கும்; ஆனால் ஊரே அங்கேதான் இருக்கும். ஞாயிறு சாயங்காலம் கோவளத்திலிருந்து திருவான்மியூர் வரை வண்டிகள் நகர்கிற அழகை ஒரு தடவை பார்த்தவர்கள் மறுபடி அந்தப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை போகமாட்டார்கள்.

மாதம் பார்த்தால் டிசம்பர் பாதிக்குமேல் தொடங்கி மார்ச் ஆரம்பம் வரை சுகம். ஏப்ரல், மே வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, போனால் நுங்கு கிடைக்கும் என்பது ஒன்றுதான் ஆறுதல். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரையேறி மரக்காணம் வட்டாரத்தைப் புரட்டிப் போட்டது. அந்த மாதங்களில் வண்டி புக் செய்தால் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

தூரம் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். புதுச்சேரியையும் மாமல்லபுரத்தையும் ஒரே நாளில் அடைத்துத் தருகிறோம் என்று விற்கிறார்கள். போகத்தான் முடியும், சென்னையிலிருந்து புதுச்சேரி சுமார் 150 கிலோமீட்டர்தான். ஆனால் போக வர 300, நடுவில் இரண்டு ஊர், அதில் ஒன்று பல்லவர் காலத்துக் கல், மற்றொன்று பிரெஞ்சுக்காரர் தெரு. புதுச்சேரிக்குப் பக்கத்து ஆரோவில்லில் மாத்ரிமந்திர் என்ற உருண்டைத் தியான மண்டபத்தை வெளியிலிருந்து பார்க்கவே பாஸ் வாங்கிச் சுமார் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். புதுச்சேரி கடற்கரைச் சாலையோ சாயங்காலம் 6 மணிக்குமேல் வண்டி போகாமல் நடப்பவர்களுக்கு மட்டும் என்றான பிறகுதான் களைகட்டும். அந்த நேரத்தில் நீங்கள் சென்னைக்குக் கிளம்பியாக வேண்டும். புதுச்சேரிக்கு ஒரு ராத்திரி தனியாக ஒதுக்குங்கள். ஒரு நாள் மட்டும் இருப்பவர்கள் கடப்பாக்கம் ஆலம்பரைக் கோட்டையோடு திரும்பிவிடலாம். திருவான்மியூரிலிருந்து அது சுமார் 100 கிலோமீட்டர்.

வண்டி

மஞ்சள் நம்பர் பிளேட் உள்ள வண்டியைத்தான் எடுக்க வேண்டும். தெரிந்தவர் சொன்னார், விலை குறைவு என்று வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்தால், வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். சொந்த உபயோகத்துக்கான வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படியும் தப்பு.

நான்கு பேருக்கு செடான் போதும். ஐந்து, ஆறு என்றால் எர்டிகா அல்லது இன்னோவா. ஏழு பேர் உட்காரலாம் என்பார்கள், பின்னால் மூன்றாவது வரிசையில் பெரியவர்களை உட்காரவைத்துவிட்டு மாமல்லபுரம் வந்ததும் அவர்களை வெளியே எடுப்பது ஒரு தனி வேலை. அந்த வரிசை பிள்ளைகளுக்கு. முட்டிவலி உள்ள பாட்டி வருகிறார் என்றால் உயரமான வண்டி வேண்டாம் என்று புக் செய்யும்போதே சொல்லுங்கள்.

போனில் பேச வேண்டியது

டிராவல்ஸ் ஆபீஸில் யாரோ ஒருவர் பேசுவார், வருவது வேறொருவர். அதனால் முதல் நாள் சாயங்காலம் டிரைவர் நம்பரை வாங்கி அவரிடமே ஒரு தடவை பேசிவிடுவது நல்லது. பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"சார், மகாபலிபுரம்தானே? லோக்கல் பேக்கேஜ்லயே முடிச்சிரலாம்."

"இல்லண்ணா, கடப்பாக்கம் வரைக்கும்."

"அப்ப அவுட்ஸ்டேஷன் சார். மினிமம் 250. பேட்டா தனி, டோல் பார்க்கிங் தனி."

இந்த இரண்டு வரியில்தான் மொத்தக் கணக்கும் இருக்கிறது. பேட்டா என்பது டிரைவருக்கான நாள்படி. லோக்கல் பேக்கேஜ் என்பது 8 மணி நேரம் 80 கிலோமீட்டர், 10 மணி நேரம் 100 கிலோமீட்டர் என்று வரும். தாண்டினால் கூடுதல் மணிக்கும் கூடுதல் கிலோமீட்டருக்கும் தனித்தனியாகக் காசு. மாமல்லபுரம் மட்டும் போய்த் திரும்புவதற்கு இது பல சமயம் சரிவரும். அவுட்ஸ்டேஷன் என்றால் கிலோமீட்டர் கணக்கு, ஒரு நாளைக்கு இவ்வளவு கிலோமீட்டர் கட்டாயம் என்ற மினிமத்தோடு. கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மினிமம் 250 என்றால் வண்டி 220 ஓடினாலும் நீங்கள் கொடுப்பது 3,500. சில இடங்களில் மினிமம் 300. அப்போது அதே ஓட்டத்துக்கு 4,200. ஆகவே கிலோமீட்டர் ரேட்டை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள், மினிமத்தைக் கேளுங்கள்.

அடுத்தது மீட்டர் எங்கிருந்து ஓடுகிறது என்பது. 'ஷெட் டு ஷெட்' என்றால் வண்டி அதன் இடத்திலிருந்து கிளம்பி உங்களை விட்டுவிட்டுத் திரும்பும் வரை உங்கள் கணக்கு. நீங்கள் அடையாறில் இருந்து, வண்டி அம்பத்தூரிலிருந்து வந்தால் இது நன்றாகவே உறைக்கும். பக்கத்து ஏரியா வண்டியாகக் கேட்டு வாங்குங்கள். நாள் என்பது நள்ளிரவு 12 மணியோடு முடிகிற நாள். பன்னிரண்டைத் தாண்டி வீடு வந்தால் இரண்டாம் நாள் மினிமம் ஏறிக்கொள்ளும் இடங்களும் உண்டு. ராத்திரி பத்து மணிக்குமேல் பேட்டாவும் கூடும். புதுச்சேரி வரை போகிறவர்கள், வண்டி அங்கே நுழைவதற்கான பெர்மிட் காசு யாருடையது என்பதையும் இப்போதே கேட்டுவிட வேண்டும். எல்லையில் நின்று பேசுவது இரண்டு பேருக்கும் சங்கடம்.

பேசி முடித்ததையெல்லாம் வாட்ஸ்அப்பில் நாலு வரியாக அனுப்பி, "ஓகே சார்" என்று பதில் வாங்கிவிடுங்கள். ரேட், மினிமம், பேட்டா, எங்கெங்கே நிற்கப்போகிறோம். இதைச் சந்தேகம் என்று எந்த நல்ல டிரைவரும் எடுத்துக்கொள்ளமாட்டார். அவருக்கும் அதுதான் வசதி.

இன்னொரு கேள்வி, பலர் கேட்கக் கூச்சப்படுவது: "அண்ணா, இன்னைக்கு நைட் வேற டிரிப் இருக்கா?" விடிய விடிய ஏர்போர்ட் டிராப் ஓட்டிவிட்டு நேராக உங்களிடம் வருகிறவர் கையில் குடும்பத்தைக் கொடுப்பது சரியில்லை. இருக்கிறது என்றால், கிளம்பும் நேரத்தைத் தள்ளுங்கள், அல்லது வேறு ஆளைக் கேளுங்கள்.

கிளம்பும் நேரமும் வரிசையும்

இது கிழக்குக் கரை. சூரியன் கடலில் உதிக்கும், கடலில் மறையாது. சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்து அஸ்தமனம் பார்க்கலாம் என்று வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். மாமல்லபுரத்துச் சிற்பங்களுக்கும் காலை வெளிச்சமே வாகு. அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்குப் பார்த்தது; காலையில்தான் அதன் உருவங்களுக்கு நிழலும் ஆழமும் வரும். மத்தியானத்துக்குப் பிறகு பாறை வெளிறித் தட்டையாகிவிடும். எனவே நகரத்திலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். போகும்போது கடல் இடப்பக்கம், வரும்போது வலப்பக்கம். ஜன்னல் சண்டை போடும் பிள்ளைகளுக்கு இதை வைத்துப் பஞ்சாயத்து செய்யலாம்.

வழியில் எங்கும் நிற்க வேண்டாம். உத்தண்டியில் டோல், ஃபாஸ்டேகில் போய்விடும். நேராக மாமல்லபுரம். கடற்கரைக் கோயில் வளாகம் காலை 6 மணிக்குத் திறக்கும், சாயங்காலம் 6 மணிக்கு மூடும். டிக்கெட் இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. ஒரே டிக்கெட்டில் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் எல்லாம் பார்க்கலாம், தொலைத்துவிடாதீர்கள். இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்கு சார்க் நாட்டவர் என்ற முறையில் இந்தியக் கட்டணமே. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். ஓ.சி.ஐ. அட்டை உள்ளவர்களுக்கும் 2021 முதல் இந்தியர்களுக்கான கட்டணம்தான். அட்டையை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வந்தால் 600.

கடற்கரைக் கோயிலில் தொடங்கி, அர்ச்சுனன் தபசு, அப்படியே வெண்ணெய்ப் பந்து என்கிற உருண்டைப் பாறை, வராக மண்டபம், கடைசியாக ஐந்து ரதம் என்று போனால் வெயில் ஏறுவதற்குள் முடியும். கடற்கரைக் கோயில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டியது, கல்லைக் கல்மேல் அடுக்கியது. ரதங்களோ ஒரே பாறையை மேலிருந்து குடைந்து செதுக்கியவை. முதலில் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றொன்றுக்கு வந்தால் வித்தியாசம் தானாகப் புரியும். ரதங்களுக்குப் பாண்டவர் பெயர் பின்னால் யாரோ வைத்தது. அவற்றில் சின்னது திரௌபதி ரதம், கூரை வேய்ந்த குடிசையைக் கல்லில் செய்தது போலவே இருக்கும்.

அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் கூட்டம் இரண்டு நிமிடம் நின்று செல்ஃபி எடுத்துவிட்டு நகரும். நீங்கள் நகராதீர்கள். மேலே இடப்பக்கம் ஒரு தவசி, விலா எலும்பு தெரிய, ஒற்றைக் காலில் கையைத் தூக்கி நிற்கிறார். இப்போது பெரிய யானையின் முன்புறம் கீழே தேடுங்கள். ஒரு பூனை, அவரைப் போலவே பின்னங்காலில் நிமிர்ந்து முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது. அதைச் சுற்றி எலிகள், பயமில்லாமல். ஏழாம் நூற்றாண்டில் இவ்வளவு பெரிய வேலையின் நடுவே ஒரு சிற்பிக்கு இந்தக் குறும்பு தோன்றியிருக்கிறது. பிள்ளைகளை "பூனையைக் கண்டுபிடி" என்று விட்டுவிடுங்கள், பெரியவர்கள் நிதானமாகப் பார்க்கலாம்.

டிரைவர் வழிகாட்டி அல்ல, அவரிடம் பல்லவர் கதை கேட்காதீர்கள். கதை வேண்டுமென்றால் அடையாள அட்டை உள்ள வழிகாட்டியை வாசலில் பிடித்து, எத்தனை இடம், எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் என்று பேசிவிட்டு நடங்கள். சிற்பக் கடைகளைப் பொறுத்தவரை, சில கடைகள் வண்டி கொண்டுவந்து நிறுத்துகிற டிரைவருக்குக் கமிஷன் கொடுப்பது ஊரறிந்தது. அதில் டிரைவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவருடைய வருமானத்தில் அதுவும் ஒரு பகுதி. வாங்கும் எண்ணம் இல்லையென்றால் "கடை வேண்டாம்ணா" என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் போதும். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் உளிச்சத்தம் கேட்கிற பட்டறையாகப் பார்த்து நடந்தே போங்கள். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு, ஆனால் கடையில் இருக்கிற எல்லாமே கருங்கல் இல்லை. மாவுக் கல்லும் அச்சில் வார்த்ததும் கலந்திருக்கும். அச்சில் வார்த்ததைத் தூக்கிப் பார்த்தால் எடையே சொல்லிவிடும்.

காலைச் சாப்பாட்டை முடித்து ஒன்பதரைக்குள் தெற்கே கிளம்புங்கள். டிரைவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். சில ஓட்டல்களில் டிரைவருக்குச் சாப்பாடு இலவசம், சிலவற்றில் இல்லை. இல்லாத இடத்தில் உங்கள் பில்லோடு சேர்த்துவிடலாம். பேட்டா கொடுக்கிறோமே என்று கணக்குப் பார்ப்பவர்களும் உண்டு, அது அவரவர் மனசு.

கல்பாக்கம் தாண்டினால் சாலையின் முகமே மாறிவிடும். பாலாறு பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லாதீர்கள், பின்னால் லாரி வரும். மெதுவாகப் போங்கள் என்றால் போதும். முதலியார்குப்பத்தில் சுற்றுலாத் துறையின் படகுக் குழாம் இருக்கிறது, அதிகக் கூட்டம் சேராத இடம். நுங்குக் காலமென்றால் ஓரத்தில் ஓலை விரித்துக் குலை குலையாகப் போட்டிருப்பார்கள். அரிவாளால் ஒரே வீச்சில் மேல் தோலைச் சீவி, மூன்று கண்ணும் தெரிய நீட்டுவார். பனை ஓலையில் எடுத்துத் தரச் சொல்லாமல் கட்டைவிரலை நேராகக் கண்ணுக்குள் விட்டு நெம்பி உறிஞ்சுங்கள். சட்டையில் தண்ணீர் தெறிக்கும், பரவாயில்லை. முற்றின நுங்கு வயிற்றைக் கெடுக்கும், "இளசா கொடுங்க" என்று கேட்டு வாங்க வேண்டும்.

கடப்பாக்கத்தில் பிரதான சாலையை விட்டு இடப்பக்கம் உள்ளே திரும்பினால் ஆலம்பரை. கோட்டை என்றதும் செஞ்சியை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இடிந்த செங்கல் சுவர்கள், நடுவே முள்மரங்கள், அந்தப் பக்கம் உப்பங்கழி, அதற்கும் அந்தப் பக்கம் மணல் திட்டு, பிறகு கடல். 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. பத்து வருஷத்தில் ஆங்கிலேயர் பிடித்து உடைத்துப் போட்டார்கள். உடைந்தது அப்படியே கிடக்கிறது. சுவரருகே நின்று பாருங்கள், இன்றைய செங்கல்லில் பாதித் தடிமன்கூட இருக்காது, நடுவே சுண்ணாம்புக் காரை. சுவர்மேல் ஏற வேண்டாம், விளிம்பு உதிர்கிறது. மீனவர்கள் ஃபைபர் படகில் மணல் திட்டு வரை கூட்டிப்போய் வருவார்கள். ரேட்டைப் பேசுங்கள், லைஃப் ஜாக்கெட் இல்லாவிட்டால் ஏறாதீர்கள். குடிதண்ணீரும் தொப்பியும் கட்டாயம், அங்கே நிழலும் கிடையாது கழிப்பறையும் கிடையாது. கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்கு அல்லது சாப்பிடுகிற ஓட்டல். பெண்களும் வயசானவர்களும் வருகிறார்கள் என்றால் இதை டிரைவரிடம் சொல்லி வைத்தால் சுத்தமான இடமாகப் பார்த்து அவரே நிறுத்துவார். இந்தச் சாலையில் அவருக்குத் தெரியாத பங்கு இருக்காது.

உப்பளம் பார்க்க ஆசையென்றால் இன்னும் கொஞ்சம் தெற்கே மரக்காணம். மழைக்காலத்தில் வெறும் தண்ணீர். கோடையில்தான் வெள்ளைக் குவியல்கள்.

திரும்பும்போது மத்தியானச் சாப்பாடு. மீன் வறுவல் என்றால் துண்டுக்கு எவ்வளவு என்பதைக் கல்லில் போடுவதற்கு முன் கேளுங்கள். பிறகு மூன்று மணி வாக்கில் ஒரே ஒரு இடம். பக்தி உள்ளவர்கள் திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாள் கோயில். மத்தியானம் நடை சாத்தியிருக்கும் என்பதால் காலையில் விட்டுவிட்டு இப்போது வருவதுதான் சரி. கல்யாணத்துக்குக் காத்திருப்பவர்கள் மாலையோடு பிரகாரம் சுற்றுவதைப் பார்க்கலாம். பிள்ளைகள் இருந்தால் முதலைப் பண்ணை, 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. மற்றவர்களுக்கு முட்டுக்காடு தட்சிணசித்ரா. செட்டிநாட்டு வீடு, அக்கிரகார வீடு, கேரளத்து மர வீடு என்று பழைய வீடுகளை அந்தந்த ஊரிலிருந்து பிரித்து எடுத்துவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். திண்ணையில் உட்காரலாம், நிழல் தாராளம். மூன்றையும் பார்த்துவிடலாம் என்று ஆசைப்பட்டால் மூன்றிலும் கார் பார்க்கிங்தான் ஞாபகத்தில் நிற்கும்.

கடலில் இறங்குவது பற்றி

கால் நனைக்கலாம், அதோடு சரி. இந்தக் கரை முழுக்க அலை இழுக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவரை இழுத்துக்கொண்டு போய்விடுகிற நீரோட்டம் கரையிலிருந்து பார்த்தால் அமைதியான தண்ணீர்போல இருக்கும். அலை உடையாத இடமாகப் பார்த்து இறங்குகிறவர்கள் அதில்தான் மாட்டுகிறார்கள். நீச்சல் தெரியும் என்பது இங்கே பெரிய தகுதி இல்லை. கடலாட்டம் வேண்டுமென்றால் கோவளத்தில் அலைச்சறுக்குப் பயிற்சி தருகிறார்கள், ஆள் துணையோடு இறங்குங்கள்.

கணக்கு முடிப்பது

ஆறு மணிக்குள் உத்தண்டியைத் தாண்டினால் நெரிசலின் பெரும்பகுதியிலிருந்து தப்பிக்கலாம். டிரைவர் கொஞ்சம் வேகம் எடுத்தாலும், "மெதுவாவே போலாம்ணா, அவசரமில்ல" என்று சொல்லத் தயங்காதீர்கள். இந்தச் சாலை அகலமாகவும் நேராகவும் இருப்பதே இதில் நடக்கிற பல விபத்துகளுக்குக் காரணம். குறுக்கே சைக்கிள் வரும், மாடு வரும்.

கிளம்பும்போதும் இறங்கும்போதும் ஓடோமீட்டரை போட்டோ எடுத்து வைத்திருந்தால் கணக்கில் பேச்சே வராது. ஓடின கிலோமீட்டர் அல்லது மினிமம், எது அதிகமோ அது; அதோடு பேட்டா, டோல், பார்க்கிங். ஷெட் கணக்கு என்றால் அவர் திரும்பிப் போகிற தூரத்தையும் சேர்ப்பார், அதை முன்பே பேசியிருப்பீர்கள். மாமல்லபுரத்தில் ஊருக்குள் நுழையவும் வண்டிக்குக் கட்டணம் வாங்குவார்கள், அந்த ரசீதையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். பேட்டா டிரைவருக்கு நேரடியாகப் போகிறதா, ஆபீஸ் பில்லில் சேர்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆபீஸ் பில்லில் சேர்வதாக இருந்தால் அவர் கையில் தனியாக ஏதாவது கொடுங்கள். அவர் சரியாக ஓட்டியிருந்தால் நம்பரைச் சேமித்து வையுங்கள். அடுத்த தடவை புதுச்சேரிக்கு ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி போகும்போது அவரையே கேட்கலாம். அப்போது அவர் எங்கே தூங்குவார் என்பதும் உங்கள் பொறுப்பில் வரும், ஓட்டல் புக் செய்யும்போதே டிரைவர் தங்க இடம் உண்டா என்று விசாரித்துவிடுங்கள்.